பட்டி இருந்த மண்: கைவிடப்பட்ட மாசாய் குடியிருப்புகளில் தொல்லியலாளர்கள் கற்றது

கென்யாவின் தெற்கு எல்லையில், கிளிமஞ்சாரோ மலையை ஒட்டி ரொம்போ என்ற பகுதி இருக்கிறது. அங்கே மாடு வளர்த்து வாழும் மாசாய் என்ற மக்களின் குடும்பங்கள் வாழ்ந்துவிட்டுப் போன குடியிருப்புகளின் மண்ணை ஒரு ஆய்வுக்குழு எடுத்துச் சோதித்து, 2003, 2004ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டது. அந்த வேலை ஏன் தேவைப்பட்டது, களத்தில் என்ன தெரிந்தது, எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள், 2018 வரை அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். ஆய்வாளர்களையும் அந்தக் குடும்பங்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

கால்நடையோடு இடம் மாறி வாழ்ந்தவர்களின் பழங்காலத்தைத் தேடும் எவருக்கும் இந்த நிகழ்வு பயன்படும். நம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாத இடங்களும் இதில் உண்டு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்னணி

மேய்ச்சல்காரர்கள் அதிகத் தடயம் விட்டுச் செல்ல மாட்டார்கள் என்பது தொல்லியலில் நெடுநாளாக இருந்த எண்ணம். 1936லேயே தொல்லியலாளர் கார்டன் சைல்ட் இதை எழுதியிருக்கிறார்: கூடாரத்தில் வாழ்கிறவர்கள், மண்பானைக்குப் பதில் தோல் பையையும் கூடையையும் வைத்திருப்பவர்கள், அகழ்பவன் கைக்கு எதை விட்டுச் செல்வார்கள்? கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த எண்ணத்துக்கு ஒரு விளைவு இருந்தது. ஒரு நிலப்பரப்பில் சில நூற்றாண்டுகளுக்குச் சுவரும் ஓடும் கிடைக்கவில்லையென்றால், சிலர் அங்கே மனிதர்களே இல்லை என்றார்கள். வேறு சிலர், நாடோடிகள் இருந்திருப்பார்கள், நாடோடிகள் என்பதால்தான் ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்கள். இரண்டுமே சோதித்துப் பார்க்க முடியாத பதில்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தைப் பற்றி 1990களின் தொடக்கத்தில் இப்படி ஒரு விவாதமே நடந்தது. நாடோடிகள் தடயம் விடுவதில்லை என்று ஒரு தரப்பு வாதிட, சரியான முறையில் தேடினால் கிடைக்கும் என்று மறுதரப்பு பதில் எழுதியது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்தக் கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. அங்கே பயிர்த்தொழிலுக்கு முன்பே கால்நடை வளர்ப்பு வந்துவிட்டது. சுமார் 5000 வருடங்களுக்கு முன் வடக்குக் கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் ஆடும் மாடும் வந்து சேர்ந்தன. பிறகு மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, 3000 வருடங்களுக்கு முன்பே தெற்குக் கென்யாவின் புல்வெளிகளில் பரவிவிட்டன. அந்தக் காலத்து இடங்கள் பல தெரியும். எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த கூரிய கருவிகள், பானை ஓடுகள், மாட்டு எலும்பு, ஆட்டு எலும்பு எல்லாம் கிடைக்கின்றன. ஆக, பொருளே கிடைக்காத நிலை அங்கே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஓர் இடத்தில் மாட்டு எலும்பு கிடைக்கிறது. அங்கே இருந்தவர்கள் மாடு வளர்த்தவர்களா? அல்லது பக்கத்து மேய்ச்சல்காரர்களிடம் தேனையும் வேட்டை இறைச்சியையும் கொடுத்து ஒரு மாட்டை வாங்கித் தின்ற வேட்டைக்காரர்களா? எலும்பை மட்டும் வைத்து இதை அறுதியிட முடியாது. இரவில் மாட்டை அடைத்து வைத்த பட்டி அங்கே இருந்தது என்று காட்ட முடிந்தால் மட்டுமே, இது வளர்த்தவர்கள் வாழ்ந்த இடம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

பட்டி என்பது முள் வேலியும் சாணமும்தான். முள் மட்கிவிடும். சாணமும் மட்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குடியிருப்பின் அமைப்பு

ஒரு மாசாய் குடியிருப்பு வெளியே ஒரு பெரிய முள் வேலி வளையம். கருவேல இனத்து முள் மரங்களின் கிளைகளை வெட்டி அடுக்கியது. அதன் உட்பக்கம் ஓரமாக வீடுகள், நடுவில் மாட்டுப்பட்டி. ஆட்டுக்கும் செம்மறிக்கும் தனிப் பட்டி. பால் மறவாத கன்றும் குட்டியும் இரவில் வீட்டுக்குள்ளேயோ வீட்டை ஒட்டிய சின்ன அடைப்பிலோ இருக்கும். ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் வேலியில் ஒரு வாசல். மூத்த மனைவியின் வீடு அந்த வாசலுக்கு வலது பக்கம், அடுத்தவர் வீடு இடது பக்கம், அதற்கடுத்தவர் மறுபடி வலது என்று வரிசை போகும்.

வீடு கட்டுவது பெண்கள். குச்சிகளை நட்டு, வளைத்துப் பின்னி, மாட்டுச் சாணத்தையும் மண்ணையும் குழைத்துப் பூசுவார்கள். கூரை தாழ்வானது, நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே ஒரு அடுப்பு. அடுப்புச் சாம்பலையும் குப்பையையும் வழக்கமான ஓர் இடத்தில் கொட்டுவார்கள்.

இப்படி ஓர் இடத்தில் சில வருடங்கள் இருப்பார்கள். கரையான் குச்சிகளை அரிக்கும், பட்டியில் சாணம் ஏறும், உண்ணி பெருகும், சுற்றிலும் புல் குறையும். சில சமயம் நோயோ சாவோ காரணமாகும். அப்புறம் வேறு இடம். போகும்போது பயன்படும் எதையும் விட்டுவிட்டுப் போவதில்லை. பாத்திரம், தோல், இரும்பு எல்லாம் கூடவே போகும்.

தொல்லியலாளர் கண்ணால் பார்த்தால், இந்த இடத்தில் எஞ்சுவது என்ன? வழக்கமான அகழாய்வில் முதலில் தேடுவது சுவர், தரை, கம்பம் நட்ட குழி, ஓடு, கருவி. இந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே இங்கே பலவீனமானவை. வீட்டுச் சுவர் இடிந்தால் அது மறுபடி மண்ணும் சாணமும்தான். சில வருட மழையில் அது சுற்றியுள்ள நிலத்தோடு கலந்துவிடும்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, பொருட்களை விட்டுவிட்டு மண்ணைப் பார்ப்பது. ஒரு பட்டியில் நூறு மாடு ஒரு வருடம் இரவில் அடைந்தால் எவ்வளவு சாணம் சேரும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் எவ்வளவு பானை உடைந்தாலும் அந்த அளவுக்கு வராது. அந்த இடத்தில் மனிதர்களும் விலங்குகளும் சேர்ந்து உண்டாக்கிய பொருட்களிலேயே அதிகம் சேர்வது சாணம்தான். அதை அள்ளிப் போட்டுவிட்டு ஓடு தேடுவது, எனக்குத் தோன்றும் வரை, கையில் இருக்கும் ஆதாரத்தைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

இந்தப் பாதையில் முன்னோடி வேலையும் இருந்தது. 1992ல் சிசிலித் தீவில் ஆட்டிடையர்கள் பயன்படுத்திய குகைகளின் மண்ணை ஆராய்ந்து, புழுக்கையில் நுண்ணிய சுண்ணாம்பு உருண்டைகள் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அசைபோடும் விலங்குகளின் குடலில் உண்டாகும் இந்த உருண்டை ஒவ்வொன்றும், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் சில பங்கு அளவுதான் இருக்கும். அதற்கென்று அமைத்த ஒளியில் நுண்ணோக்கியில் பார்த்தால், ஒளிரும் உருண்டைக்குள் ஒரு கறுத்த சிலுவை தெரியும். ஆனால் அது குகை. மழை விழாத, காற்று அடிக்காத இடம். வெட்டவெளியில் நிலைமை வேறு. மண்ணில் கொஞ்சம் அமிலத் தன்மை இருந்தாலே அந்த உருண்டைகள் கரைந்துவிடும்.

இரண்டாவது முடிவு, வெவ்வேறு காலத்தில் கைவிடப்பட்ட குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்தது. இப்போது ஆட்கள் வாழும் இடம், சில வருடங்களுக்கு முன் காலி செய்த இடம், சில பத்தாண்டுகளுக்கு முன் காலி செய்த இடம் என்று ஒரு வரிசை. வாழும் குடியிருப்பை மட்டும் பார்த்தால் பட்டி எப்படி இருக்கும் என்று தெரியும், எப்படி அழியும் என்று தெரியாது. தொல்லியலாளருக்கு வேண்டியது அழியும் வழி. எது முதலில் போகிறது, எது நின்று நிலைக்கிறது, எந்த வேகத்தில் என்பதே கேள்வி. இந்த ஆய்வின் மிகச் சிறந்த முடிவு இதுதான் என்பேன்.

மூன்றாவது, அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டு இடங்களைக் குறித்தது. இங்கே மாட்டுப்பட்டி, இங்கே ஆட்டுப்பட்டி, இது வாசல், இங்கே சாம்பல் கொட்டுவோம் என்று அவர்கள் காட்டிய பிறகுதான் மாதிரி எடுத்தார்கள். இது மரியாதைக்காக மட்டும் செய்வது இல்லை. விடை தெரிந்த இடத்தில் சோதித்தால்தான் சோதனை முறை சரியா தவறா என்று தெரியும். தரையில் ஒரு கறுத்த திட்டு இருக்கிறது. அது அடுப்பா, கன்று கட்டிய மூலையா என்பதை மண்ணைப் பார்த்து ஊகிப்பவருக்கும் அங்கே பத்து வருடம் சமைத்தவருக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளக்க வாழும் மக்களைத் தவிர வேறு வழி கிடையாது.

நான்காவது, குடியிருப்புக்கு வெளியே, யாரும் வாழாத நிலத்திலிருந்தும் மண் எடுத்தது. ஒப்பிட அந்த மண் இல்லையென்றால் பட்டி மண்ணில் பாஸ்பரஸ் அதிகம் என்ற வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. எதைவிட அதிகம்? மிக எளிய விஷயம்தான், ஆனால் அவசரக் களப்பணியில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

ஆய்வகத்தில் தெரிந்தது

மாதிரிகளை மூன்று நான்கு விதமாகச் சோதித்தார்கள். அதில் ஒரு முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பட்டித் தரையிலிருந்து ஒரு கட்டி மண்ணைக் கலையாமல் அப்படியே வெட்டி எடுக்கிறார்கள். அதற்குள் பிசினை ஊற்றி இறுக வைத்து, கல்லைப் போலாக்கி, மெல்லிய தகடாக அறுத்துத் தேய்க்கிறார்கள். கடைசியில் அதன் தடிமன் 0.03 மில்லிமீட்டர். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. அதை நுண்ணோக்கியில் வைத்தால், பட்டி மண் ஏடு ஏடாகத் தெரிகிறது. கிடைமட்டமான, லேசாக நெளிந்த மெல்லிய படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. மாடு சாணம் போடுகிறது, இன்னொரு மாடு அதை மிதிக்கிறது, அது தட்டையாகி அமுங்குகிறது, மறுநாள் அதன்மேல் அடுத்தது. ஒவ்வொரு படலத்திலும் புல்லின் நுண் துகள்கள் படுத்த வாக்கில் வரிசையாகக் கிடக்கின்றன. பட்டிக்கு வெளியே எடுத்த மண்ணில் இந்த அடுக்கு கிடையாது. அங்கே மணல் துகள்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து கிடக்கும். மண்ணை உதிர்த்து, சலித்து, பொட்டலத்தில் போட்டு எடுத்துப் போயிருந்தால் இந்த ஆதாரம் மொத்தமும் போயிருக்கும். கட்டியாக எடுத்ததால்தான் கிடைத்தது.

அந்தப் புல் துகள்கள் பைட்டோலித் எனப்படுபவை. புல் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் செல்களில் படிய வைக்கிறது. நெல் வைக்கோல் கையைக் கீறுவதற்கும் இதே சிலிக்காதான் காரணம். புல் மட்கினாலும் இந்தக் கண்ணாடித் துகள் மட்குவதில்லை. மாட்டின் குடல் வழியே போய் வந்தாலும் கரைவதில்லை. அதனால் பட்டி மண்ணில் இது மலையாகக் குவிகிறது. மாடு பெரும்பாலும் புல் தின்னும். வெள்ளாடு இலை தழைகளையும் நிறையக் கடிக்கும். இலை தழைகளில் சிலிக்கா பொதுவாகக் குறைவு. எனவே எந்தப் பட்டியில் எது அடைந்தது என்று பிரித்துப் பார்க்கவும் இதில் ஒரு வழி இருக்கிறது.

காலம் போகப் போக என்ன ஆகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. சாணத்தின் மட்கும் பகுதி முதலில் போகிறது. தடித்த சாண மெத்தை சுருங்கி, மெலிந்து, சாம்பல் நிற மண் படலமாகிறது. கண்ணுக்கு அது சாணம் என்றே தெரியாது. சாணத்தில் இருந்த சில தாதுப் பொருட்களும் மழையில் கரைகின்றன. ஆனால் பைட்டோலித் அளவும், ஏடு ஏடான அமைப்பும், சில பத்தாண்டுகள் கழித்தும் பட்டி இருந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து பிரித்துக் காட்டின. வீட்டுத் தரை இந்த அளவுக்குப் பேசவில்லை. தொல்லியலாளர்கள் ஆசையாகத் தேடும் வீடு மங்க, அவர்கள் கவனிக்காமல் கடக்கும் பட்டி நிலைத்து நின்றது.

பிறகு வந்த ஆய்வில் நைட்ரஜனையும் சேர்த்தார்கள். 2008ல் வெளியான அந்த முடிவின் அடிப்படை எளிமையானது. பட்டிக்குள் காலையில் போனால் மூக்கில் ஏறும் நெடி அமோனியா. நைட்ரஜனில் இரண்டு வகை அணுக்கள் உண்டு, ஒன்று லேசானது, மற்றது கனமானது. அமோனியாவாக ஆவியாகிப் போவதில் லேசானது முந்திக்கொள்கிறது. கனமானது மண்ணில் தங்கி, அதன் விகிதம் கூடுகிறது. நெடி போன பிறகும் அந்த விகிதம் மண்ணில் இருக்கிறது.

பழைய இடங்களில் சோதித்தபோது

இதுவரை செய்தது எல்லாம் விடை தெரிந்த கணக்கு. பல ஆயிரம் வருடம் பழைய இடத்தில் இதே அடையாளங்கள் நிற்குமா என்பதே உண்மையான சோதனை. தென்மேற்குக் கென்யாவின் கற்கால மேய்ச்சல் இடங்களில் நுண்ணிய சாம்பல் நிற மண் படலங்கள் கிடைத்திருந்தன. மாசாய் பட்டிகளில் கற்ற முறைகளைக் கொண்டு அவற்றைப் பார்த்தபோது, மட்கிய சாணம்தான் என்று தெளிந்தது. மாட்டு எலும்பு யாருடையது என்ற பழைய கேள்விக்கு இப்படித்தான் ஒரு பிடி கிடைத்தது.

2018ல் இந்தப் பாதை இன்னொரு பக்கம் திரும்பியது. நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், தென்மேற்குக் கென்யாவில் 3700 முதல் 1550 வருடம் வரை பழைய ஐந்து மேய்ச்சல் குடியிருப்புகளின் மண்ணைச் சோதித்திருந்தார்கள். பட்டி இருந்த இடத்தில் பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சுற்றியுள்ள நிலத்தைவிட இன்றும் அதிகம். கன நைட்ரஜனின் விகிதமும் அதிகம். அந்த இடங்கள் இன்று சுமார் 100 மீட்டர் அகலத்தில், மரம் அதிகம் இல்லாத பசும்புல் திட்டுகளாக இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்திலும் தெரிகின்றன.

ஒரு முறை உரம் ஏறிய இடத்தில் நல்ல புல் வருகிறது. கைவிடப்பட்ட பட்டிகளில் நம் அருகம்புல்லின் இனத்தைச் சேர்ந்த புல் செழிப்பாக வளர்வதைக் கென்யாவில் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். புல்லைத் தேடி வரிக்குதிரையும் மானும் வருகின்றன. அவையும் அங்கேயே சாணம் போடுகின்றன. கறையான், புழு, பூச்சி எல்லாம் சேர்கின்றன. மேய்ச்சல்காரர்கள் போய் இரண்டாயிரம், மூவாயிரம் வருடம் ஆன பிறகும் அந்தச் சுழற்சி நிற்கவில்லை.

'ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்' என்று நம் ஊரில் சொல்வார்கள். கென்யாவில் அது மூவாயிரம் வருடக் கணக்கு.

இதன் முக்கியத்துவம் தொல்லியலோடு முடியவில்லை. மேய்ச்சல்காரர்கள் புல்வெளியைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி அவர்களை வனவிலங்குப் பகுதிகளிலிருந்து வெளியேற்றுவது காலனி ஆட்சிக் காலம் தொட்டு நடந்துவருகிறது. மனிதர் கை படாத காடு என்று நாம் படத்தில் பார்க்கும் அந்தச் சவன்னாவின், அதாவது மரங்கள் சிதறிய புல்வெளியின், வளமான திட்டுகளில் சில, மாடு மேய்த்தவர்கள் உண்டாக்கியவை. மாசாய் பட்டியின் சாணத்தைத் தகடாக அறுத்துப் பார்த்த வேலை இல்லாமல் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

எதை எடுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது

வாழும் மக்களைப் பார்த்துப் பழங்காலத்தை விளக்குவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. இன்றைய மாசாய்களைப் பார்த்துவிட்டு, 3000 வருடங்களுக்கு முன் இருந்தவர்களும் இப்படித்தான் என்று எழுதிவிடலாம். அவர்கள் வேறு மக்கள், வேறு மொழி பேசியிருக்கலாம், இரும்பு அவர்களிடம் இல்லை, கல் கருவியும் பானையும் வைத்திருந்தார்கள். இன்றைய மாசாய்களும் பழைய மாதிரி கிடையாது. சந்தை, பள்ளிக்கூடம், கால்நடை மருந்து, ஆழ்துளைக் கிணறு, நிலத்தைப் பங்கு போட்டுப் பட்டா கொடுத்தது, இவையெல்லாம் எங்கே, எவ்வளவு காலம் குடியிருப்பது என்பதையே மாற்றிவிட்டன. வாழும் மக்களை உறைந்துபோன பழங்காலமாகப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதையும்கூட.

இந்த ஆய்வு ஏன் நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளாமல் இயக்கத்தை எடுத்துக்கொண்டது. மாட்டின் குடலும் குளம்பும் 3000 வருடத்தில் மாறவில்லை. சாணம் மிதிபட்டால் அமுங்கும், மழையில் மட்கும், அமோனியா ஆவியாகும். இவை யார் மாடு வளர்த்தாலும் நடப்பவை. மூத்த மனைவியின் வீடு வாசலுக்கு வலது பக்கம் என்பது அப்படிப்பட்டது இல்லை. அது மாசாய்களின் ஏற்பாடு. பழைய இடம் ஒன்றில் வாசலும் வலது பக்கம் ஒரு வீடும் கிடைத்தால், அதை மூத்த மனைவியின் வீடு என்று எழுத நமக்கு உரிமை கிடையாது.

இயக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. தக்காணத்தைப் பாருங்கள். கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பகுதிகளில் புதிய கற்காலத்துச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட், இவை மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல் என்று கருதினார். 1957ல் மகபூப்நகர் பக்கத்து உட்னூரில் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் அகழ்ந்தபோது, கம்பங்கள் நட்டு அமைத்த அடைப்பும் மாட்டுக் குளம்புத் தடங்களும் கிடைத்தன. மாட்டுப்பட்டிதான். ஆனால் கென்யாவில் சாணம் மட்கி மெல்லிய படலமாயிற்று, தக்காணத்தில் திரும்பத் திரும்ப எரிக்கப்பட்டு மேடாக நின்றது. விலங்கு ஒன்றுதான், சாணமும் ஒன்றுதான், அதை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதில் தடயம் வேறாகிவிட்டது.

தமிழ்நாட்டில் இன்னொரு விதம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஆட்டிடையர்களான கீதாரிகள் அறுவடை முடிந்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை, திருவாரூர் வயல்களுக்குப் போகிறார்கள். இரவில் ஆடுகளை வயலில் அடைத்து வைக்கும் கிடை, ஓரிரு இரவுதான் ஒரே இடத்தில். பிறகு வயலின் அடுத்த பகுதிக்கு, அப்புறம் அடுத்தவர் வயலுக்கு. வயல்காரர் கிடைக்கூலி கொடுப்பதே புழுக்கை நிலம் முழுக்கப் பரவ வேண்டும் என்பதற்காகத்தான். அது ஓரிடத்தில் குவிந்தால் கிடை போட்டதே வீண். பிறகு உழுதுவிடுவார்கள். ஆக, மாசாய் பட்டியில் கிடைத்த ஏடு ஏடான அடுக்கை இங்கே தேடினால் கிடைக்காது. கிடைக்காததை வைத்து இங்கே மேய்ச்சல்காரர்கள் இல்லை என்று எழுதினால், கென்யாவில் விட்ட பழைய தவறு தமிழ்நாட்டில் தொடங்கிவிடும்.

இனி எதை மாற்ற வேண்டும்

அகழாய்வுக் குழிகளில் சாம்பல் நிற மெல்லிய படலம் வந்தால், கலைக்காமல் ஒரு கட்டியை வெட்டி வைப்பது வழக்கமாக வேண்டும். பிசின் ஊற்றி அறுப்பது அப்புறம் நடக்கலாம். ஆனால் கட்டி இல்லையென்றால் அப்புறம் என்பதே கிடையாது. கூடவே குழிக்கு வெளியே, மேட்டுக்கு வெளியே, யாரும் வாழ்ந்த அடையாளம் இல்லாத நிலத்திலிருந்தும் மண் எடுக்க வேண்டும்.

களத்தில் யாரிடம் கேட்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். மாசாய் வீட்டைக் கட்டுவதும் பூசுவதும் சாம்பல் அள்ளிக் கொட்டுவதும் பெண்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டால் பட்டியைப் பற்றி நிறையத் தெரியும், வீட்டுத் தரையைப் பற்றிக் குறைவாகத்தான் தெரியும். மாசாய் மக்கள் காட்டிய இடத்தில் கிடைத்த முடிவு அவர்களுக்கும் திரும்பிப் போக வேண்டும். 2018 முடிவு போன்றவை அவர்களின் நில உரிமை வாதத்துக்கே நேரடியாக உதவக்கூடியவை.

நம் பக்கம் கீதாரிகளோடு இதே முறையில் ஒரு வேலை செய்ய முடியும். எந்த வயலில் எந்த வருடம் கிடை கிடந்தது என்பது வயதான கீதாரிகளுக்கும் வயல்காரர்களுக்கும் நினைவிருக்கும். கிடை கிடந்த வயல், கிடக்காத வயல், கிடை நின்று வருடங்கள் ஆன வயல் என்று ரொம்போவைப் போலவே ஒரு வரிசை அமைக்கலாம். ஆனால் வயலில் யூரியா, டிஏபி போன்ற ரசாயன உரங்கள் விழுந்திருக்கும். நைட்ரஜன், பாஸ்பரஸ் கணக்கு இரண்டையும் அவை குழப்பிவிடும். உழவும் படலத்தைக் கலைத்திருக்கும். அதனால் முதலில் போக வேண்டியது வயலுக்கு வெளியே: போகிற வழியில் மந்தை நடுப்பகலில் படுக்கும் கண்மாய்க் கரை, மரத்தடி, புறம்போக்கு மேடு. மழைக்காலத்தில் குட்டிகளை அடைக்கும் கூண்டு வருடா வருடம் ஒரே இடத்தில் வைக்கப்படுகிற மேட்டு நிலமும் அதில் சேரும். அங்கே உரம் போடுவதில்லை, ஏர் ஓட்டுவதில்லை. அந்த இடங்களைக் கீதாரிகள் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். அவற்றில் பல பேருந்து நிலையமாகவும் மனைப் பிரிவாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. எனவே வரைபடத்தில் குறிப்பதை முதலில் முடித்துவிட்டு, மண் எடுப்பதை அடுத்து வைக்கலாம்.